புகையும் பீப்பாவும்

மன்னர்களின் வாளையும் மணிமுடியையும் போற்றிக் காக்கும் அரும்பொருட்சாலைகள் உலகிற் பல உள. எளியோர் அன்றாடம் கையாண்ட பாண்டங்களுக்கோ அங்கு இடங்கிடைத்தல் அரிது. ஆயினும் மணிமுடி சொல்லாத செய்தியை ஒரு பழம் பாண்டம் சொல்லுதலும் உண்டு. அத்தகைய பாண்டங்களுள் ஒன்று உருக்கினாற் செய்த எண்ணெய்ப் பீப்பா. தெருவுக்குத் தார் கொண்டுவந்த பீப்பாவை, தார் தீர்ந்தபின் பிளந்து தட்டி வேலித் தகரமாக்கியவர்களையும், வாயைத் திறந்து கிணற்றடியில் நீர்த்தொட்டியாக வைத்தவர்களையும் ஈழத்தார் நன்கறிவர். ‘பரல்’ என்று மக்கள் வழங்கும் அதே பீப்பாவை மேற்கிந்தியத் தீவுகளின் மக்கள் இறைச்சியைப் புகையில் வாட்டும் அடுப்பாக்கினர். அந்த அடுப்பின் வரலாற்றில் இரண்டு கதைகள் வந்து கலக்கின்றன. ஒன்று மனிதன் தீயைக் கண்ட காலந்தொட்டு வரும் புகையின் கதை. மற்றொன்று இருபதாம் நூற்றாண்டிலே பிறந்த உருக்குக் கலத்தின் கதை.

புகையின் கதையை முதலிற் கூறுதல் பொருந்தும். வேட்டையில் வீழ்ந்த விலங்கை ஒரு நாளில் உண்டு முடித்தல் இயலாது. வெப்ப நாடுகளிலே மறுநாளே இறைச்சி கெடத் தொடங்கும். இதனைத் தடுப்பதற்கு மனிதன் கண்ட வழிகள் மூன்று: வெயில், உப்பு, புகை. தமிழர் உப்புக்கண்டம் என வழங்குவது முதலிரண்டையும் சேர்த்துச் செய்வது. அடுப்பின் மேலே இறைச்சியைக் கட்டித் தொங்கவிடுதல் மூன்றாவது வழியைச் சார்ந்தது. ஈழத்துச் சமையலறைகளில் மணக்கும் மாசிக்கருவாடும் புகையின் விளைவே. சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, பின்னர் வெயிலிற் காயவைத்து மாலைதீவார் அதனை ஆக்குகின்றனர். 1343ஆம் ஆண்டளவில் அத்தீவுகளுக்குச் சென்ற இபுனு பதூதா என்னும் யாத்திரிகர், மீனைத் துண்டமாக்கி அவித்து ஓலைக் கூடைகளில் இட்டுப் புகையிலே தொங்கவிடும் வழக்கத்தைத் தம் பயணக் குறிப்பிற் கூறியுள்ளார்.

புகை எவ்வாறு இறைச்சியைக் காக்கிறது? விறகு முற்றும் எரியாது கனன்று புகையும்போது, அதிலிருந்து பீனோல் இனத்துப் பொருள்களும், போமல்டிகைட்டும், அசற்றிக்கமிலம் முதலிய அமிலங்களும் வெளிப்படுகின்றன. இவை இறைச்சியின் மேற்பரப்பிற் படிந்து நுண்ணுயிர்கள் பெருகுவதைத் தடுக்கின்றன. பீனோல்கள் கொழுப்பு ஊசிப்போவதையும் தாமதப்படுத்துகின்றன. தீயின் வெம்மையோ மேற்பரப்பின் ஈரத்தை உலர்த்திவிடுகிறது. இவற்றின் பெயரை அறியாத காலத்திலேயே இவற்றின் பயனை மனிதன் அறிந்திருந்தான்.

கொலம்பசு 1492ஆம் ஆண்டு கரிபியன் கடலை அடைந்தபோது, அங்குள்ள தீவுகளில் தைனோ என்னும் மக்கள் வாழ்ந்தனர். பச்சைக் கழிகளைப் பரணாகக் கட்டி, அதன்மேல் மீனையும் இறைச்சியையும் பரப்பி, கீழே மெல்லிய தீயை மூட்டி அவர்கள் வாட்டினர். அந்தப் பரணின் பெயரை ‘பார்பக்கோவா’ என இசுப்பானியர் எழுதிவைத்தனர். இன்று உலகெங்கும் வழங்கும் ‘பார்பிக்கியூ’ என்னும் சொல்லின் மூலம் அதுவே. பிறேசிற் கரையில் வாழ்ந்த தூப்பி மக்கள் இத்தகைய பரணுக்கு வழங்கிய பெயரைப் பிரெஞ்சுக்காரர் ‘புக்கான்’ என்றனர். பதினேழாம் நூற்றாண்டிலே இசுப்பானியோலாத் தீவின் காடுகளிற் காட்டுமாட்டையும் பன்றியையும் வேட்டையாடி, புக்கானில் வாட்டிக் கப்பல்களுக்கு விற்றுத் திரிந்த பிரெஞ்சு வேடருக்குப் ‘புக்கானியர்’ என்ற பெயர் ஏற்பட்டது. இசுப்பானியர் அவர்களைத் துரத்தவே அவருட் பலர் கடற்கொள்ளையில் இறங்கினர். ஆங்கிலத்திலே கடற்கொள்ளையரைக் குறிக்கும் ஒரு சொல், இவ்வாறு இறைச்சி வாட்டும் பரணிலிருந்து பிறந்தது.

இனி ஜமேக்காத் தீவுக்கு வருவோம். 1655ஆம் ஆண்டு ஆங்கிலேயர் அத்தீவை இசுப்பானியரிடமிருந்து கைப்பற்றினர். அக்குழப்பத்திலே, ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்டோர் பலர் தப்பி மலைக்காடுகளிற் புகுந்தனர். பின்னர் ஆங்கிலேயரின் கரும்புத் தோட்டங்களிலிருந்து தப்பியோரும் அவர்களோடு சேர்ந்தனர். எஞ்சியிருந்த தைனோ மக்களும் சிலர் அவர்களுடன் கலந்தனர் என்பர். ‘மரூன்கள்’ எனப்பட்ட இம்மக்கள், நீலமலையின் சரிவுகளிலும் மேற்கே சுண்ணக்கல் நிலத்திலும் ஊர்களை அமைத்து, ஆங்கிலப் படைகளோடு பல்லாண்டு பொருதனர். மேற்குப் பகுதிக்குக் கட்ஜோ என்பவனும், கிழக்குப் பகுதிக்கு நானி என்னும் வீரப் பெண்ணும் தலைமை தாங்கினர்.

காட்டிலே போர் புரிவோர்க்கு உணவு வேண்டும். இசுப்பானியர் கொணர்ந்த பன்றிகள் காட்டிற் பெருகிக் காட்டுப்பன்றிகளாகியிருந்தன. அவற்றை வேட்டையாடி, உப்பும் கார மிளகாயும் தடவி, பிமெந்தோ மரத்தின் விறகிலே மெல்ல வாட்டும் முறை மரூன்களிடையே வளர்ந்தது. பிமெந்தோ என்பது கறுவா, கராம்பு, சாதிக்காய் ஆகிய மூன்றின் மணமும் ஒருங்கே வீசும் காயைத் தரும் மரம். அதன் காய் மட்டுமன்றி இலையும் விறகும் மணமுடையன. இவ்வாறு வாட்டிய இறைச்சிக்கு ‘ஜேர்க்’ என்று பெயர். தென்னமெரிக்க மலைநாட்டின் கெச்சுவா மொழியில் உலர்த்திய இறைச்சியைக் குறிக்கும் சொல், இசுப்பானிய மொழியிற் ‘சார்க்கி’ எனத் திரிந்து, ஆங்கிலத்தில் இவ்வடிவம் பெற்றது.

மரூன்கள் நிலத்திற் குழி தோண்டி, அதனுள்ளே தணலை இட்டு, இறைச்சியை வைத்து, மேலே இலைகளால் மூடி வாட்டினர் என்பது வழிவழி வரும் செய்தி. காட்டின் மேலே புகை எழுமாயின் அஃது எதிரிக்கு இருப்பிடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே அவர்கள் புகையை மண்ணுக்குள் அடக்கினர். அந்த நாளிலே புகையை மறைக்கும் திறமை உயிரைக் காக்கும் திறமையாயிற்று.

இவ்வழக்கத்தின் ஒரு வடிவத்தைப் பற்றி எழுதிவைத்தவர்களுள் ஹான்சு சுலோன் என்னும் வைத்தியர் ஒருவர். ஜமேக்காத் தேசாதிபதியின் வைத்தியராக 1687ஆம் ஆண்டில் அங்கு சென்ற அவர், காட்டுப்பன்றியைப் பிளந்து, எலும்பை நீக்கி, சதையைக் கீறி, உப்பிட்டு, வெயிலில் உலர்த்தும் முறையை 1707ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் விவரித்துள்ளார். அவர் திரட்டிய அரும்பொருள்களைக் கொண்டே 1753ஆம் ஆண்டு இலண்டனில் பிரித்தானிய அரும்பொருட்சாலை நிறுவப்பட்டது. அவர் மனைவிக்கு ஜமேக்காவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்த வருவாயும் அத்திரட்டலுக்குத் துணைசெய்தது. அடிமைகள் உழைத்த செல்வம் அரும்பொருட்சாலையாயிற்று. தப்பியோடிய அடிமைகளின் உணவுமுறை காட்டிலேயே தங்கிற்று.

1739ஆம் ஆண்டு ஆங்கிலேயர் மரூன்களோடு உடன்படிக்கை செய்துகொண்டனர். மரூன்களின் சுதந்திரத்தையும் நிலத்தையும் அவ்வுடன்படிக்கை ஏற்றது. ஆயினும், இனித் தப்பி வரும் அடிமைகளைப் பிடித்துக் கொடுத்தல் வேண்டும் என்ற கொடிய விதியையும் அது சுமத்திற்று. பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை நீக்கும் சட்டம் 1834ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. முழு விடுதலை 1838ஆம் ஆண்டிலேயே கிட்டியது. அதன்பின் புகையை மறைக்க வேண்டிய காரணம் இல்லை. மலையடியிலுள்ள போட்லண்ட் பகுதியிலே, பொஸ்டன் குடா என்னும் கடற்கரையூர் ஜேர்க் இறைச்சிக்குப் பெயர்பெற்றது. அங்கே பிமெந்தோக் கழிகளைத் தணலின்மேல் அடுக்கி, அவற்றின் மீதே இறைச்சியை வைத்து வாட்டினர். ஆயினும் இதற்கு நிலம் வேண்டும், குழி வேண்டும், விறகு வேண்டும். நகரத்துத் தெருவோரத்தில் வாழ்வோர்க்கு இவை ஏது? அவர்களுக்கு உதவும் கலம் வேறொரு திசையிலிருந்து வந்தது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலே 1859ஆம் ஆண்டு எட்வின் திரேக் என்பவர் துளைத்த கிணற்றில் மண்ணெண்ணெய்க்கு மூலமான பாறையெண்ணெய் கிடைத்தது. அதனைக் கொண்டுசெல்வதற்குக் கலம் இல்லாமையாற் சாராயப் பீப்பாக்களையும் பிற மரப்பீப்பாக்களையும் பயன்படுத்தினர். இன்றும் எண்ணெயின் விலை 42 அமெரிக்கக் கலன் கொண்ட பீப்பாக் கணக்கிற் பேசப்படுவதற்கு அம்மரப்பீப்பாக்களே காரணம். மரம் உலர்ந்து பிளந்தால் எண்ணெய் ஒழுகும். ஒழுகாத உலோகப் பீப்பாவைச் செய்வதற்குப் பலரும் முயன்றனர்.

இம்முயற்சியில் வெற்றி கண்டோருட் குறிப்பிடத்தக்கவர் நெல்லி பிளை என்னும் புனைபெயருடைய அமெரிக்கப் பெண்மணி. இவர் இலங்கைக்கு முற்றிலும் புதியவர் அல்லர். பத்திரிகை எழுத்தாளராகிய இவர், 80 நாளில் உலகைச் சுற்றிவரும் கற்பனைக் கதையை வெல்ல எண்ணி, 1889ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நியூயோர்க்கிலிருந்து தனியே புறப்பட்டு, 72 நாளில் உலகைச் சுற்றி மீண்டவர். அப்பயணத்தில், வரவேண்டிய மற்றொரு கப்பல் தாமதித்தமையால், கொழும்பிலே ஐந்து நாள் காத்திருக்க நேர்ந்தது. ‘ஆறு நாள் போனாலும் அறுபது நாள் போலும்’ என்னும் பதைப்போடு அவர் துறைமுகத்தை நோக்கியிருந்த காலம் அது.

பின்னர் அவர் ஒரு செல்வரை மணந்து, கணவரின் தொழிற்சாலையைத் தாமே நடத்தினார். ஐரோப்பாவிலே கிளிசரின் நிரப்பிய உருக்குக் கலங்களைக் கண்டு, அத்தகைய பீப்பாவைத் தம் தொழிற்சாலையிற் செய்விக்க முனைந்தார் என்பர். அங்குப் பணியாற்றிய ஹென்றி வேர்ஹான் என்பவரின் பெயரில் 1905ஆம் ஆண்டு உருக்குப் பீப்பாவுக்கான காப்புரிமைகள் பெறப்பட்டன. பீப்பாவின் உடலைச் சுற்றி இரு வளையங்கள் புடைத்து நின்றன. நிறைந்த பீப்பாவைச் சாய்த்துவிட்டால், அவ்வளையங்கள் நிலத்தைத் தொட, ஓராள் அதனை உருட்டிச் செல்லலாம். தொழிற்சாலை சில ஆண்டுகளில் நொடித்துப் போயிற்று. பீப்பாவோ உலகெங்கும் பரந்தது.

இன்று எங்கும் காணப்படும் பீப்பா 55 அமெரிக்கக் கலன், அஃதாவது ஏறக்குறைய 208 லீற்றர் கொள்ளும். பழைய பிரித்தானிய அளவில் அது ஏறக்குறைய 46 கலன். உயரம் ஏறக்குறைய 88 சதமமீற்றர். விட்டம் 58 சதமமீற்றர். இரண்டாவது உலகப் போரில் விமானங்களுக்கும் வண்டிகளுக்கும் வேண்டிய எரிநெய் பெரும்பாலும் இப்பீப்பாக்களிலேயே தீவுதோறும் சென்றது. போர் முடிந்தபின் எரிநெய் தீர்ந்த பீப்பாக்கள் துறைமுகங்களிலும் பாசறைகளிலும் குவிந்துகிடந்தன. பிறர் வீசியெறிந்த அவற்றை எளியோர் எடுத்துக்கொண்டனர். திரினிடாட்டு இளைஞர் அவற்றின் அடித்தட்டைச் சம்மட்டியாற் குழித்து இசைக்கருவியாக்கினர். 1992ஆம் ஆண்டு அந்நாட்டின் தேசிய இசைக்கருவியாக அஃது ஏற்கப்பட்டது. ஜமேக்காவிலோ பீப்பா அடுப்பாயிற்று.

அந்த அடுப்பின் அமைப்பு எளியது. பீப்பாவைப் படுக்கவைத்து, நீளவாக்கில் இரண்டாக அறுப்பர். ஒரு பக்கத்தில் இரு பாதிகளையும் பிணைச்சலால் இணைத்தால், கீழ்ப்பாதி தணல் தாங்கும் தொட்டியாகவும் மேற்பாதி மூடியாகவும் அமையும். இடையிலே கம்பித் தட்டு ஒன்று. அடியில் இரும்புக் கால்கள் அல்லது பழஞ்சில்லுகள். மூடியைத் திறந்தால் தணல் கனன்றெழும். மூடினால் காற்றுக் குறைந்து தீ அடங்கிப் புகை நிறையும். கொழுப்பு உருகித் தணலிற் சொட்ட, அதிலிருந்து எழும் ஆவி மீண்டும் இறைச்சியிற் படியும். பிமெந்தோ விறகு கிடையாதவர்கள் அதன் காயையோ இலையையோ தணலில் இடுவர்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே பீப்பாவை நிமிர்த்தியே அடுப்பாக்கும் முறையும் உண்டு. அடியிலே மூன்று அல்லது நான்கு காற்றுத் துளைகள். அவற்றுக்கு மேலே கரி நிரப்பிய கம்பிக் கூடை. அதற்கும் இரண்டடி உயரத்திற் கம்பித் தட்டு. புகை வெளியேறத் துளையுடைய மூடி. கீழ்த்துளைகளை ஒவ்வொன்றாக அடைத்தும் திறந்தும் வெம்மையை 110 முதல் 135 பாகை சதமளவில் நிறுத்தலாம். இம்மெல்லிய வெம்மையில் மணிக்கணக்காக இருக்கும்போது, கடிய இறைச்சியிலுள்ள கொலாசன் என்னும் நார்ப்பொருள் இளகி ஊன்பசையாக மாறும். விலைகுறைந்த முரட்டு இறைச்சியும் மெதுவாகும். செல்வர் தள்ளிய இறைச்சித் துண்டத்தை ஏழையின் அடுப்பு சுவைப்படுத்திய நுட்பம் இதுவே. பழைய உலோகக் கலத்தை அடுப்பாக்கும் எண்ணம் தொழிற்சாலைகளையும் எட்டியது. சிக்காகோ நகரில், கடல்மிதவை செய்யும் பட்டறையிற் பணிபுரிந்த ஜோர்ஜ் ஸ்டீவன் என்பவர், 1952ஆம் ஆண்டில் மிதவைக் கோளம் ஒன்றைப் பாதியாக்கி மூடியுடைய அடுப்பொன்றைச் செய்தார். அவ்வடிவம் பின்னர் உலகச் சந்தைக்கு வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஜமேக்காத் தலைநகராகிய கிங்ஸ்டனிற் பீப்பா அடுப்பு ஒரு பிழைப்பாக வளர்ந்தது. கடைக்கு முதல் இல்லாதவன் ஒரு பீப்பாவும் ஒரு மூடை கரியும் கொண்டு தெருவோரத்தில் வணிகனானான். அந்நகரின் ரெட் ஹில்ஸ் வீதி, இரவிற் பீப்பாக் கோழிக்குப் பெயர்பெற்ற இடம். 1948ஆம் ஆண்டு ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்னும் கப்பலில் மேற்கிந்தியர் பலர் இங்கிலாந்து சென்றிறங்கினர். அவர்களுக்குப் பின் சென்றோரும் அவர்தம் மக்களும் இலண்டனில் நடத்தும் நொட்டிங் ஹில் திருவிழாவிலே பீப்பா அடுப்புகள் வரிசையாக நின்று புகைகின்றன. மரூன்கள் மண்ணிலே மறைத்த புகை, பேரரசின் தலைநகரிலே எவர்க்கும் தெரிய எழுகின்றது. மரூன்களின் மூர் டவுன் என்னும் ஊரின் மரபை 2003ஆம் ஆண்டு யுனெஸ்கோ போற்றி அறிவித்தது. அவர்கள் ஒளிந்திருந்த நீலமலைப் பகுதி 2015ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது.

இவ்வளவும் பெருமைக்குரிய பக்கம். இதற்கு மறுபக்கமும் உண்டு. பீப்பா வெறுங்கலமாக வந்ததன்று, பிறிதொன்றைச் சுமந்துவந்தது. 1920கள் தொட்டுப் பல்லாண்டுகள் பெற்றோலில் ஈயச் சேர்மம் கலக்கப்பட்டது. பூச்சிகொல்லிகளும் சாயங்களும் கரைப்பான்களும் பீப்பாக்களிலேயே சென்றன. அவற்றின் எச்சம் கழுவினாற் போவதன்று. எண்ணெய் தீர்ந்த பீப்பாவை வெறும் பீப்பா என எண்ணித் தீச்சுடரால் அறுக்க முனைந்தால், உள்ளே தங்கிய ஆவி வெடித்து உயிரைக் குடிக்கும். நிறைந்த பீப்பாவிலும் வெறும் பீப்பாவே இவ்வகையில் ஆபத்தானது. ஏனெனில் அதனுள்ளே ஆவியோடு காற்றும் கலந்துள்ளது. நாகம் பூசிய பீப்பாவைக் கடுந்தீயிற் சுட்டால் எழும் புகையைச் சுவாசித்தோர்க்குக் காய்ச்சல் உண்டாகும். சில பீப்பாக்களின் உட்புறத்திற் பிசின் பூச்சு உண்டு. ஆகவேதான் விடயமறிந்தோர், பூச்சில்லாத புதிய பீப்பாவையோ உணவுப்பொருள் மட்டும் ஏற்றிய பீப்பாவையோ தேர்ந்து, கடுந்தீயிட்டுச் சுட்டு, தேய்த்துக் கழுவிய பின்னரே இறைச்சியை வைக்கின்றனர். வறியோர்க்கோ அத்தேர்வு எப்போதும் வாய்ப்பதில்லை.

புகையிலும் தீங்கு உண்டு. புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரிடையே காணும் ஒருவகைப் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் எனப் பெர்சிவல் பொட் என்னும் இலண்டன் வைத்தியர் 1775ஆம் ஆண்டிலே எழுதினார். அக்கரியிலுள்ள கொடிய பொருள்களுள் ஒன்றாகிய பென்சோபைரீன் 1930களிற் பிரித்தறியப்பட்டது. கொழுப்பு நேரே தணலிற் சொட்டி எரியும்போது இப்பொருள் மிகுதியாகத் தோன்றும். ஐரோப்பிய ஒன்றியம் புகையூட்டிய இறைச்சியில் ஒரு கிலோகிராமுக்கு 2 மைக்கிரோகிராமுக்கு மேல் இஃது இருத்தலாகாது என்ற விதியை 2014ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது.

இக்குறையை நீக்கும் முயற்சிக்கு மேற்கு ஆபிரிக்கா நல்ல சான்று. கானா நாட்டின் கரையிலே பெண்கள் மீனைப் புகையில் வாட்டி விற்றுக் குடும்பத்தைத் தாங்கி வருகின்றனர். அவர்கள் பயன்படுத்திய அடுப்புகளுட் பீப்பாவினாலான வட்ட அடுப்பும் ஒன்று. அது சிறிது மீனையே கொண்டது. விறகை மிகுதியாக உண்டது. மீனைப் புரட்டும்போதெல்லாம் கையைச் சுட்டுக் கண்ணைக் கரித்தது. 1960களின் இறுதியில், அக்கிரா நகரத்தின் சொர்க்கோர் என்னும் மீனவர் பகுதியில், அந்நாட்டு உணவாராய்ச்சி நிலையமும் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் அப்பெண்களோடு கூடி நீள்சதுர அடுப்பொன்றை அமைத்தன. மீன் பரப்பிய தட்டுகளை அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், அடுக்கே புகைக்கூண்டாகும். விறகும் உழைப்பும் குறைந்தன. பின்னர் செனகல் நாட்டின் தியாரோயி என்னும் இடத்திலே, கொழுப்பு தணலில் விழாதபடி தட்டில் ஏந்தி, தனியே பக்குவஞ்செய்த புகையைச் செலுத்தும் முறை 2008ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. எளியோர் தம் அனுபவத்தாற் கண்ட கருவியை இகழாமல், அதன் குறையை மட்டும் ஆராய்ந்து களைந்தமையே இம்முயற்சியின் சிறப்பு.

பீப்பாவை முதலிற் செய்தவர் எண்ணெய் ஒழுகாதிருத்தலையே கருதினார். அதனை நிரப்பியவர்கள் வணிகத்தையும் போரையும் கருதினர். அது தீர்ந்தபின் அதனை எடுத்தவனே, தன் பாட்டன் மண்ணுக்குள் மறைத்த தீயை அதனுள் வைத்துத் தெருவோரத்தில் ஏற்றினான். அவனுடைய தீ தொடர்ந்து எரிதல் வேண்டும். அதன் நஞ்சு அவனையும் அவனிடம் உண்போரையும் அணுகாதிருத்தலும் வேண்டும். முன்னதற்கு அவன் தன் கைத்திறனையே துணைக்கொண்டான். பின்னதற்கு அறிவியலும் அரசும் அவனோடு சேர்ந்து நிற்றல் கடன்.